மாஸ்டர் உட்காராத சீட்

எங்கள் ஊரில் கார் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே ஆளிடம் கற்றுக்கொண்டவர்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு வழியில்லை. இருப்பது ஒரே டிரைவிங் ஸ்கூல், அதற்கு ஒரே கார், ஒரே மாஸ்டர். காருக்கு இரண்டு முறை பெயின்ட் மாறிவிட்டது. மாஸ்டருக்கு மீசை வெளுத்ததோடு சரி.

மாஸ்டர் ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பெப்பர்மின்ட், மடியில் மடித்த துண்டு. டிரைவருக்கு இடப்பக்கத்து சீட்தான் அவருடைய சிம்மாசனம். கற்றுக்கொடுக்கிற வண்டி என்பதால் அந்த சீட்டுக்குக் கீழேயும் தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. மாணவன் எதை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் கடைசித் தீர்ப்பு மாஸ்டரின் காலடியில். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எதிரே லாரி நெற்றிக்கு நேராக வந்தாலும், "லாரி வருது சார், வரட்டும். மூச்ச விடுங்க," என்பார். நாம் "சரி மாஸ்டர்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கால் வேலையை முடித்திருக்கும். வண்டியை நாம்தான் நிறுத்தினோம் என்று நமக்கு ஒரு நினைப்பு வரும். அந்த நினைப்போடுதான் ஊரே லைசென்ஸ் வாங்கியது.

அந்தக் கால் ஓரிடத்தில் சும்மா இருக்காது. முடிவெட்டுகிறவர் கத்தரியைக் காதோரம் கொண்டுபோனால் மாஸ்டரின் வலது கால் நாற்காலியின் கால்மிதியை அழுத்தும். சினிமாவில் காரைத் துரத்துகிற காட்சி வந்தால் முன்வரிசைக்காரர் திரும்பி முறைப்பார். வீட்டுக் கட்டிலில் கால்மாட்டுப் பலகை பெயர்ந்து பெயர்ந்து, கடைசியில் தச்சர் அலுத்துப்போய் இரும்புப் பட்டை அடித்துக் கொடுத்துவிட்டார். கனவிலும் யாரோ ஒரு மாணவன் ஓட்டிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

நான் ஸ்கூலுக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அடுத்தவர் கண்ணைச் சோதிப்பது தொழில் என்பதால், எதையும் கவனிக்கிறவன் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மாஸ்டர் விஷயத்தில் என் கண்ணில் படாத ஒன்று இருந்தது. ஊரில் வேறு யார் கண்ணிலும் அது படவில்லை என்பதுதான் என் ஆறுதல்.

மாஸ்டர் வீட்டில் ஒரு வேலை என்றால் அது அன்றைக்குப் பாடமாகிவிடும். காய்கறி வாங்க வேண்டுமா, மார்க்கெட் சந்தில் ரிவர்ஸ் பாடம். மாமனாரை ரயிலேற்ற வேண்டுமா, மேம்பாலப் பாடம். மாணவன் ஓட்டுவான், மாஸ்டர் பக்கத்தில், அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, பின்சீட்டில் பைகளோடு. அவர் மனைவிக்குப் பிரசவ வலி வந்த அன்று எனக்கு மூன்றாவது கிளாஸ். "நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க சார், இன்னிக்கு ஹாரன் பாடம்," என்றார் மாஸ்டர். பின்சீட்டிலிருந்து அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "தம்பி, வண்டி திணறுது, ரெண்டாவது கியருக்கு வாங்க," என்றது இன்னும் காதில் இருக்கிறது. அன்று பிறந்த பெண் இப்போது வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள். என்னை ஹாரன் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள்.

அக்காவுக்கு அதே ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் வேலை. "மூச்ச இழுங்க. புடிங்க. அசையாதீங்க. விடுங்க." நாள் முழுக்க இதே பாட்டு. புருஷன் ஊரை மூச்சு விடச் சொல்வார், பெண்டாட்டி பிடிக்கச் சொல்வார். இரண்டு பேருக்கும் நடுவில் நாங்கள் எப்படியோ உயிரோடு இருந்தோம்.

ஒருநாள் அந்த அறைக்கு முட்டி வலியோடு ஒருவர் வந்தார். தாடைக்குக் கீழே கயிறு கட்டிய தொப்பி, எக்ஸ்ரே மேஜையில் படுத்தும் கழற்றவில்லை. இமயமலையின் உச்சிக் கணவாய்களுக்குக் குழுவாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிற பயணங்களுக்கு அவர் வழிகாட்டி. கார்களை மலையடிவாரத்தில் வாடகைக்குத் தருவார்கள், ஓட்ட வேண்டியது நாம். முன்னால் வழிகாட்டியின் வண்டி, கடைசியில் மெக்கானிக் வேன், நடுவில் வாத்துக்குஞ்சு மாதிரி நாம், வண்டிக்கு வண்டி ஒரு வாக்கி டாக்கி. அக்கா அவரை "அசையாதீங்க" என்று படுக்கவைத்தே எல்லா விவரமும் கேட்டுவிட்டார். படம் எடுத்து முடித்தும் எழுந்திருக்க விடவில்லை என்று தொப்பிக்காரர் பிற்பாடு குறைப்பட்டுக்கொண்டார். அன்று மாலையே இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்தாயிற்று.

"மாஸ்டர் இமயமலைக்குப் போறாராம்" என்று சேதி பரவியதும் ஊருக்குள் ஒரே பரபரப்பு. பாங்க் கேஷியர் அம்மா சேர்ந்தார். மருந்துக்கடைக்காரர் குடும்பத்தோடு சேர்ந்தார். மாஸ்டரே கூட வரும்போது என்ன பயம் என்று இன்னும் சில பேர். நானும் என் மனைவியும் அதே புத்தியில்தான் சேர்ந்தோம்.

முதல் கூட்டம் ஆஸ்பத்திரி கேன்டீனில். தொப்பிக்காரர் ஒவ்வொருவரையும் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர் பனி பார்க்க வேண்டும் என்றார். கேஷியர் அம்மா, "அங்க என் முன்னாடி வரிசைல யாரும் நிக்க மாட்டாங்க," என்றார். நான் தூரத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்று தொழிலுக்குப் பொருத்தமாக ஏதோ உளறிவைத்தேன். பிறகு அக்கா எழுந்தார்.

"கல்யாணம் ஆனதுலேருந்து நான் பின்சீட்லதான் உக்காந்திருக்கேன். முன்னாடி எப்பவும் யாராவது ஒரு ஸ்டூடன்ட், பக்கத்துல இவர். ஒரே ஒரு தடவ இவர் வண்டி ஓட்டணும், நான் பக்கத்துல உக்காந்து வேடிக்க பாக்கணும். அது அந்த மலைல நடக்கட்டும். வேற எதுவும் வேணாம் எனக்கு."

கேன்டீனே கை தட்டியது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாஸ்டருக்குப் பெப்பர்மின்ட் தொண்டையில் சிக்கிக்கொண்டு, இரண்டு பேர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

மறுநாள் மாஸ்டர் என் கடைக்கு வந்தார். பனி வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டும் என்றார். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடியில் பார்த்தார். எல்லாவற்றிலும் திருடன் மாதிரி இருந்தார். கடைசியாக மிகப் பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொன்னார்.

"சார், எனக்கு ஓட்ட வராது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"லைசென்ஸ் வாங்கினேன். வாங்கின வாரமே இந்த ஸ்கூல்ல சேந்தேன். பழைய முதலாளி என்னை பக்கத்து சீட்ல உக்கார சொன்னார். ஓட்ட ஆளு கெடைப்பாங்க, பயப்படாம பக்கத்துல உக்கார ஆளு கெடைக்கறதுதான் கஷ்டம்னார். உக்காந்தேன். அப்புறம் எந்திரிக்கவே இல்ல."

"ஒரு தடவகூடவா ஓட்டல?"

"தேவைப்படல சார். எப்பவும் யாராவது ஒருத்தர் ஓட்டிட்டு இருந்தீங்களே."

யோசித்துப் பார்த்தேன். காலையில் முதல் மாணவன் அவர் வீட்டு வாசலிலிருந்தே வண்டியை எடுப்பான். சாயங்காலம் கடைசி மாணவன் அங்கேயே கொண்டுவந்து விடுவான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மாஸ்டரை நான் பார்த்ததே இல்லை. பார்த்ததில்லை என்பதையும் பார்த்ததில்லை.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அப்படி எல்லார் முன்னாடியும் கேப்பாளா? எத்தன வருஷமா மனசுல வச்சிருந்திருக்கா பாருங்க. இத நான் எப்படி சார் முடியாதுன்னு சொல்லுவேன்?" கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு போய்விட்டது. "அத விடுங்க. நீங்க வாங்க, ஞாயித்துக்கிழம பழகிப்பாப்போம்," என்றேன்.

ஊருக்கு வெளியே ஒரு குடோன், அதற்கு முன்னால் பெரிய முற்றம். ஓரத்தில் காலி அட்டைப்பெட்டிகளை மலைபோல் அடுக்கி வைத்திருந்தார்கள். மாஸ்டர் ஸ்கூலில் சேர்ந்த பிறகு முதல் தடவையாக என்னைத் தன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கதவைத் திறந்து இறங்கினார். மறுபடி உட்கார்ந்தார். வலது கையால் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தார், இத்தனை வருஷமாக இடப்பக்கத்திலிருந்து எட்டி இழுத்தே பழக்கம். இடது கைக்கு என்ன வேலை என்று அவருக்கே தெரியவில்லை. அதை மடியில் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"கிளட்ச மிதிங்க சார்," என்றார். நான் மிதிக்கப் போனேன். "உங்களுக்கு இல்ல, எனக்கு சொல்லிக்கறேன்."

பிறகு பதிலும் அவரே சொன்னார். "சரி மாஸ்டர்."

"மெதுவா விடுங்க சார், அவசரமில்ல."

"விடறேன் மாஸ்டர்."

"சொல்றத கேளுங்க சார்."

"கேட்டுட்டுதான இருக்கேன்," என்றபோது குரலில் கோபம் வந்துவிட்டது. தன்னிடமே கோபித்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குள் வண்டி இடப்பக்கமாக வளைந்து அட்டைப்பெட்டிகளைப் பார்த்துப் போக ஆரம்பித்தது. மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். என் காலடியில் பிரேக் இருந்தது. அவர் காலடியிலும் இருந்தது. அவர் மிதிப்பார் என்று நான், நான் மிதிப்பேன் என்று அவர். பெட்டிகள் மேலே வந்து விழுந்து உள்ளே இருட்டிய பிறகுதான் இரண்டு பேரும் சேர்ந்து மிதித்தோம்.

குடோன் வாட்ச்மேன் ஓடி வந்து, "யாருங்க டிரைவர்?" என்றார். நான் அவரைக் காட்டினேன், அவர் என்னைக் காட்டினார்.

அதற்குப் பிறகும் போனோம். பெட்டிகள்தான் குறைந்துகொண்டே வந்தன. இடைப்பட்ட நாட்களில் தொப்பிக்காரரின் வகுப்புகளும் நடந்தன. உயரத்தைப் பற்றி அவர் தாய்மாமனைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார். "உயரத்துக்கு மரியாத குடுக்கணும். அங்க காத்து கம்மி. நடக்கறது, பேசறது, குனியறது, எல்லாம் மெதுவா."

"எங்க பாங்க்ல அப்படித்தான்," என்றார் கேஷியர் அம்மா.

நிறையத் தண்ணீர் குடித்துப் பழகச் சொன்னார். குடித்தோம், கழிப்பறை வாசலில் வரிசை நின்றது, கேஷியர் அம்மாவுக்கு முன்னால் எப்போதும் நாலு பேர். கம்பளி உடுப்புகளைப் போட்டுப் பழகச் சொன்னார். மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிற கேன்டீனில் கையுறை, காதுமூடி, மூன்று அடுக்கு ஸ்வெட்டரோடு உட்கார்ந்து, குளிரை எப்படித் தாங்குவது என்று வியர்க்க வியர்க்கக் கேட்டுக்கொண்டோம். மருந்துக்கடைக்காரர் மயங்கி விழுந்தார். அது உயரத்தால் வந்த மயக்கம் என்று அவரே மருந்தும் சொன்னார்.

மாஸ்டர் ஒரு நாள் கையுறைக் கையைத் தூக்கினார். "சார், அங்க குடுக்கற வண்டில பக்கத்து சீட்டுக்கும் பிரேக் இருக்குமா?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன தமாஷாகப் பேசுகிறார் என்று தொப்பிக்காரர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அக்கா மட்டும் சிரிக்காமல் மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தேர்வு வந்தது. ஊருக்கு வெளியே கல்குவாரிக் குன்று. மேலே ஒரு சமதளம், அதன் பின்பக்கம் செங்குத்தாக ஏறி இறங்குகிற வளைவுப் பாதை. ஒவ்வொருவரும் தொப்பிக்காரரைப் பின்சீட்டில் வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் மலையில் கார். தேறாவிட்டால் மெக்கானிக் வேனில் டயர்களுக்கு நடுவே உட்கார்ந்து வரலாம். மாஸ்டர் தேறாவிட்டால் அக்காவுக்கு முன் சீட் இல்லை. அவ்வளவுதான்.

என் காருக்கு உடம்பு சரியில்லை, அதனால் ஸ்கூல் காரில் மாஸ்டருக்குப் பிறகு நான். குன்றுக்கு வண்டியை ஏற்றியதும் நானே. மாஸ்டர் பக்கத்தில், அக்கா வழக்கம்போல் பின்னால் தண்ணீர்ப் பாட்டில்களோடு.

கேஷியர் அம்மா ஓட்டி முடித்தார். தொப்பிக்காரர் இறங்கித் தண்ணீர் குடித்தார். மருந்துக்கடைக்காரர் ஓட்டி முடித்தார். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். அவருக்கு வழுக்கை என்று அன்றுதான் எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் முகத்தில் ரத்தம் குறைந்துகொண்டே வந்தது.

மாஸ்டரின் முறை. அவர் ஸ்டியரிங் முன்னால், அக்கா பக்கத்தில், பின்னால் தொப்பிக்காரரும் நானும். அக்கா அந்த சீட்டில் உட்கார்ந்ததும் சீட் பெல்ட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். புதுப் புடவையைத் தடவிப் பார்ப்பதுபோல் இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

வண்டி கிளம்பியது. உறுமியது, குதித்தது, ஏறியது. மூன்றாவது வளைவில் ஏற்றத்தின் நடுவே நின்றுவிட்டது. நின்ற வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சற்றே உருண்டு, பஞ்சுமேல் உட்கார்வதுபோல் அழகாக நின்றது.

"பிரேக் புடிச்சது பிரமாதம் சார்," என்றார் தொப்பிக்காரர். அன்று முழுவதும் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. பிறகு எட்டிப் பார்த்தார். "சார், உங்க ரெண்டு காலும் கிளட்ச் மேல இருக்கு."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். இருந்தது.

"அப்ப பிரேக்க யார் புடிச்சது?"

நாங்கள் மூன்று பேரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு, வலது காலை எடுக்காமல் சொன்னார். "மூச்ச விடுங்க."

சமதளத்துக்கு எப்படியோ திரும்பி வந்தோம். நான் ஸ்டியரிங் பக்கம் போனேன். "வேணாம், நீங்களும் அதத்தான் பண்ணப்போறீங்க," என்று தொப்பிக்காரர் என்னைத் தடுத்து, எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"எத்தனையோ குழுவ கூட்டிட்டு போயிருக்கேன். இந்த மாதிரி பாத்ததில்ல. ஒவ்வொரு வளைவுலயும் நீங்க அத்தன பேரும் இடப்பக்கம் திரும்பி பாக்கறீங்க. யாரும் பிரேக் புடிக்க மாட்டேங்கறீங்க. பக்கத்து சீட்ல அப்படி என்னதாங்க இருக்கு?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு எல்லாரும் மாஸ்டரைப் பார்த்தோம். நாங்கள் பிரேக் பிடித்ததாக நினைத்த ஒவ்வொரு தடவையும் பிடித்தது யார் என்று அங்கேதான் புரிந்தது. லைசென்ஸ் வாங்கிய பிறகும் ஆபத்து வந்தால் எங்கள் கழுத்து தானாக இடப்பக்கம் திரும்பியது, மாஸ்டர் பார்த்துக்கொள்வார் என்று.

என் மனைவி மெதுவாகக் கேட்டாள். "அப்ப இத்தன வருஷமா ஒவ்வொரு திருப்பத்துலயும் என்னை திரும்பி திரும்பி பாத்தது இதுக்குத்தானா? நான் ஆசைல பாக்கறீங்கன்னு நெனச்சேன்."

வீட்டுக்குப் போய் நான் பட்டதை இங்கே எழுத முடியாது.

இப்போதைய பிரச்சினை, இத்தனை கார்களும் குன்றிலிருந்து இறங்கியாக வேண்டும். தொப்பிக்காரருக்கு எங்களை ஓட்டி இறங்க விடுகிற தைரியம் போய்விட்டது. கேஷியர் அம்மாதான் யோசனை சொன்னார். தொப்பிக்காரர் தன் வண்டியை முன்னால் ஓட்டினார். அவர் பக்கத்து சீட்டில் மாஸ்டர், கையில் வாக்கி டாக்கி. எங்கள் வண்டிகளில் அந்தக் குரல் வந்தது. "எல்லாரும் மூச்ச விடுங்க. வளைவு வருது, வரட்டும். இப்ப மெதுவா பிரேக். மருந்துக்கடை சார், இன்னும் கொஞ்சம். கேஷியர் மேடம், யாரையும் பாக்காதீங்க, நான் இங்கதான் இருக்கேன்." கோடு போட்டதுபோல் இறங்கினோம். கால்கள் எங்களுடையவைதான், ஆனால் அவர் சொன்னால்தான் கேட்டன.

அடிவாரத்தில் தொப்பிக்காரர் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க ஓட்டவே வேணாம். மலைலயும் என் வண்டில, என் பக்கத்துல உக்காந்து பேசிட்டே வாங்க. உங்களுக்கு பயணம் இலவசம். இல்லன்னா இந்த குழுவ நான் கூட்டிட்டு போக மாட்டேன்."

எல்லாரும் ஓ என்று கத்தினோம். மாஸ்டரின் முகம் பல வாரங்களுக்குப் பிறகு மலர்ந்தது. இமயமலையிலும் அவருக்குப் பக்கத்து சீட். அவர் உலகம் அவருக்கே திரும்பக் கிடைத்துவிட்டது.

அந்த சந்தோஷத்தோடு திரும்பி அக்காவைத் தேடினார். ஸ்கூல் காரை இறக்கி வந்தவன் நான். மாஸ்டர் முன் வண்டியில் ஏறியதும் அக்கா பின்கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறியிருந்தார். முன் சீட் காலி. இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார், மடியில் தண்ணீர்ப் பாட்டில்களோடு. கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. பழகிப்போன முகத்தோடு இருந்தார்.

மாஸ்டர் வாக்கி டாக்கியைத் தொப்பிக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். "வேணாம் சார். எனக்குன்னு ஒரு சீட் இருக்கு, அதுல இன்னும் சரியா உக்காரல. இன்னொரு தடவ டெஸ்ட் வைங்க."

நாங்கள் எல்லாரும் அவரைப் பிடித்துத் திட்டினோம், நானும்தான். அவர் பின்கதவருகே போய் நின்றார். "எனக்கு ஓட்ட வராது," என்றார் அக்காவிடம். "ஆரம்பத்துலேருந்தே வராது. உங்கிட்ட சொல்லாம ஏமாத்திட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நான் வலில துடிக்கறேன், மூணாவது கிளாஸ் படிக்கற பையன ஓட்ட விட்டுட்டு நீங்க பக்கத்துல உக்காந்தீங்க. அப்ப ஒண்ணு உங்களுக்கு பைத்தியமா இருக்கணும், இல்ல ஓட்ட தெரியாம இருக்கணும். பைத்தியம் இல்லன்னு எனக்கு தெரியும்."

"தெரிஞ்சுமா அன்னிக்கி எல்லார் முன்னாடியும் அப்படி கேட்ட?"

"கேக்கலன்னா என்னிக்கு கத்துக்கறதா இருந்தீங்க?"

மறு தேர்வு, புறப்படுவதற்கு முந்தின வாரம் என்று முடிவாயிற்று. எங்களுக்குத் தொப்பிக்காரர் ஒரு வைத்தியம் சொன்னார். பக்கத்து சீட்டில் ஆளை உட்கார வைக்காமல், கூரை முட்டுகிற மாதிரி பயண மூட்டையை வைத்துக் கட்டி ஓட்ட வேண்டும். திரும்பினால் மூட்டைதான் தெரியும், மூட்டை பிரேக் பிடிக்காது. நல்ல வைத்தியம்தான். கேஷியர் அம்மா மட்டும் சில நாள் மூட்டையிடம் "திரும்பட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்ததாகக் கேள்வி. என் மனைவி மூட்டை வேண்டாம் என்று தானே உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்தால் தொடையில் கிள்ளு. நான்தான் முதலில் குணமானேன்.

மாஸ்டருக்கு அக்காதான் மாஸ்டர். பின்சீட்டில் உட்கார்ந்தே ஊரின் அத்தனை பாடங்களையும் கேட்டவர், ஒரு வரி பிசகாமல் ஒப்பித்தார். "மூச்ச இழுங்க. கிளட்ச மெதுவா விடுங்க. அசையாதீங்க, ஐயோ, அது வேற, அசையுங்க." எக்ஸ்ரேயும் டிரைவிங்கும் கலந்து வந்தாலும் பாடம் நடந்தது. "சரி மாஸ்டர்னு சொல்லுங்க, உங்க ஸ்டூடன்ட்டெல்லாம் சொல்லுவாங்கல்ல," என்று அக்கா சீண்டுவார். மாஸ்டர் "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதில் மட்டும் மனுஷனுக்கு வீம்பு. இடது கை துண்டுக்குள்ளிருந்து வெளியே வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தது. கட்டிலின் கால்மாட்டுப் பலகை சத்தம் போடுவது நின்றதாம். ஆனாலும் ஏற்றத்தில் வண்டி நின்றால் அவர் பிடிப்பதற்குள் அக்காவின் கால் முந்திக்கொண்டது. மலையில் தரப்போகிற வண்டியில் அந்த பிரேக் இருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறு தேர்வு அன்று எங்கள் எல்லாருடைய சுற்றும் முடிந்தது. தொப்பிக்காரரின் தொப்பி தலையிலேயே இருந்தது. கடைசியாக மாஸ்டர், இடப்பக்கத்தில் அக்கா. பின்சீட்டில் தொப்பிக்காரர், அவர் பக்கத்தில் நான் வேண்டாத துணையாக.

வண்டி நேராகக் கிளம்பியது. ஏறியது. முதல் வளைவு தாண்டிற்று, இரண்டாவது தாண்டிற்று. அடுத்தது முன்பு உருண்ட இடம். மேலே திரும்பும்போது எதிரே குவாரி லாரி ஒன்று கல்லோடு இறங்கி வந்தது. சாலையில் இரண்டு வண்டிக்கு இடமில்லை. மாஸ்டர் நிறுத்தியாக வேண்டும், ஏற்றத்தில், இப்போதே.

மாஸ்டரின் கழுத்து இடப்பக்கம் திரும்பியது. கற்றுக்கொடுத்த வியாதி கடைசியில் அவரையே பிடித்துக்கொண்டது. நானும் எட்டிப் பார்த்தேன்.

அக்காவின் கால்கள் பிரேக் பக்கமே இல்லை. செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டு, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வாயில் ஒரு பெப்பர்மின்ட். கண்ணாடி வழியாகக் கீழே தெரிந்த ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

தொப்பிக்காரரின் கால் தரையை அழுத்தியது. என் காலும் அழுத்தியது. மாஸ்டர் அந்த மடித்த கால்களைப் பார்த்தார். பிறகு பிரேக்கைத் தானே மிதித்தார். வண்டி நின்றது. உருளவில்லை. லாரி உரசாமல் எங்களைத் தாண்டிப் போனது.

மாஸ்டர் இன்னும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா திரும்பவில்லை. "என்னை ஏன் பாக்கறீங்க? ரோட்ட பாருங்க," என்றார்.

"சரி மாஸ்டர்," என்றார் மாஸ்டர்.